எழுந்துபோன சம்பந்திக்கு ஒரு சமாதான உடன்படிக்கை

கீழ்ப்பிரிவு,
பலாவத்தைத் தோட்டம்,
இரத்தினபுரி.

எம்பிலிப்பிட்டியவில் வாழைக்குலை மொத்த வியாபாரம் நடத்தும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி லோரன்ஸ் அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதிவிட்டேன். அழிக்கப் பார்த்தேன், மை ஊறிவிட்டது. பிள்ளைகளின் விடயம் எப்படிப் போனாலும் அந்தச் சொல்லுக்கு நானே பொறுப்பு. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் மனைவி தெரேசம்மாவும் மகள் ரோஷானியும் தேக சுகத்துடன் இருக்கிறோம். மழைக்கும் குறைவில்லை. நீங்களும் சம்பந்தியம்மாவும் உங்கள் மகன் தம்பி சுதாகரனும் சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் நீங்கள் போன வேகத்தைப் பார்த்தபிறகு போய்ச் சேர்ந்தீர்களா என்று விசாரிக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

கைபேசியில் நாலு வரி தட்டிவிடாமல் இந்தக் காலத்தில் ஒரு மனுஷன் கடிதம் எழுதுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். தோட்டத்து உப தபாலகத்தை ஓய்வுபெறும்வரை பார்த்துக்கொண்டவன் நான். முக்கியமான விடயம் முத்திரை ஒட்டித்தான் போகவேண்டும் என்பது என் கொள்கை. அதைவிடப் பெரிய காரணம், என் கைபேசி இப்போது தெரேசம்மாவின் அலுமாரிக்குள் இருக்கிறது. நீங்கள் போன அன்றே அது பறிமுதல் செய்யப்பட்டுவிட்டது. பொருளாதாரத் தடை என்று பத்திரிகையில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் அனுபவத்தில் தெரிகிறது. எனக்கு வரும் தேத்தண்ணியில் சீனி இல்லை. மீன் வாங்கிய நாளில் எனக்கு வால் துண்டு. நேரடிப் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது, எல்லாம் ரோஷானி ஊடாகத்தான். நான் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே, "அப்பாகிட்ட கேளு, சோறு இங்க போடவா, இல்ல அமெரிக்காவுல போய் சாப்பிட்டுக்குவாரா" என்று தெரேசம்மா கேட்கிறாள். "இங்கயே போடச் சொல்லும்மா" என்று நான் சொல்ல, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தாய்க்கு ரோஷானி அதை அறிவிக்கிறாள். ஐக்கிய நாடுகள் சபையும் இதைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் அவர்களுக்குக் குளிரூட்டி இருக்கிறது.

நான் என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல எழுதவில்லை. என் பக்கத்து அநியாயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று காலையிலிருந்து மழை. உங்கள் வேன் மாதா கோயில் வளைவோடு நின்றுவிட்டது, அதற்கு மேலே பாதை முழுக்கச் சேறு. நீங்கள் மூவரும் இறப்பர் மரங்களுக்கிடையில் குறுக்கு வழியாக ஏறி வந்தீர்கள். ஒரு கையால் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு தோளில் கோழிக்கூட்டு இன வாழைக்குலையை மகனிடம்கூடக் கொடுக்காமல் நீங்களே சுமந்து வந்ததை வாசலில் நின்று பார்த்தேன். "நல்ல மனுஷன் மாதிரி தெரியுது" என்று தெரேசம்மாவிடம் சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டாள். அவள் ஒத்துக்கொண்டது அபூர்வம் என்பதால் இங்கே பதிந்து வைக்கிறேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தாய்மார் இருவரும் குசினிக்குள் போனார்கள், போன கொஞ்ச நேரத்திலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் இருவரும் விறாந்தையில் நின்று மழையைப் பார்ப்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி சுதாகரன் ஏதோ சொன்னதற்கு ரோஷானி வாயைப் பொத்திக்கொண்டதை நான் ஜன்னலால் பார்த்தேன். பாடசாலையில் கணினி சொல்லிக்கொடுக்கிற பிள்ளை, இலேசில் சிரிக்கமாட்டாள். ஹோலில் மிஞ்சியது நீங்களும் நானும். இரண்டு ஆம்பிளைகளை வேலையில்லாமல் தனியே விட்டால் ஒன்று தூங்குவார்கள், இல்லாவிட்டால் உலகத்தைத் திருத்தத் தொடங்குவார்கள். நாம் தூங்கியிருக்கலாம்.

தொலைக்காட்சியில் அந்த நேரம் பார்த்து ஆளில்லாமல் ஓடும் காரைக் காட்டினார்கள். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். "இந்தக் கார் ஒரு மாட்ட இடிச்சா, கூண்டுல யாருங்க ஏறுறது?" என்று கேட்டேன். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மாட்டுக்காரன்" என்றீர்கள். காரைச் செய்த கம்பெனிதானே பொறுப்பு என்று நான் சட்டம் பேசினேன். நீங்கள் நிதானமாக, "கார்ல ஆளில்ல. கம்பெனி கடலுக்கு அந்தப் பக்கம். மாட்டுக்கு மட்டுந்தான் இங்க ஆளிருக்கான். இருக்கிறவனத்தானே பிடிக்க ஏலும்" என்றீர்கள். உங்கள் தோட்டத்து வாழைக்கன்றுகளைக் கட்டாமல் விட்ட கட்டாக்காலி மாடுகள் மேய்ந்த கதையை அதற்குப் பிறகு சொன்னீர்கள், அதைக் கேட்டிருந்தால் அந்தத் தீர்ப்பில் உள்ள வேதனை எனக்குப் புரிந்திருக்கும். நானோ அதைக் கேட்காமல், தீர்ப்பை மேன்முறையீட்டுக்கு எடுத்துச் செல்வதாகச் சொல்லிக் கைபேசியைக் கையில் எடுத்தேன்.

ரோஷானி என் கைபேசியில் ஒரு செயற்கை நுண்ணறிவை ஏற்றித் தந்திருக்கிறாள், கேட்டதற்கெல்லாம் தமிழில் பதில் சொல்லும். "கார் கம்பெனிதானே குற்றவாளி?" என்று கேட்டேன். "மிகச் சிறந்த கேள்வி. நீங்கள் சொல்வது மிகவும் சரி" என்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உங்களிடம் நீட்டினேன். நீங்கள் அதை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு, "மாட்டுக்காரன்தானே குற்றவாளி?" என்று கேட்டீர்கள். "நுட்பமான பார்வை. நீங்கள் சொல்வது மிகவும் சரி" என்றது. அதோடு நாம் இருவரும் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போயிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? கைபேசியைத் திரும்பப் பறித்து, "முதல்ல எனக்குச் சொன்ன தீர்ப்ப ஏன் மாத்துன?" என்று அதனோடு சண்டைக்குப் போனேன். அது என்னிடம் மன்னிப்புக் கேட்டது. உடனே நீங்கள் வாங்கி, "அவருகிட்ட மட்டும் ஏன் மன்னிப்புக் கேட்ட?" என்று கேட்க, உங்களிடமும் மன்னிப்புக் கேட்டது. இப்போது ஆற அமர இருந்து யோசிக்கும்போது, அந்த ஹோலில் அன்று கல்யாணப் பேச்சுக்குத் தகுந்த புத்தியோடு இருந்தது அந்தக் கைபேசி மட்டும்தான் என்று தெரிகிறது.

அங்கேயிருந்து பேச்சு நீதிமன்றத்துக்குப் போனது. இப்படி ஒரு இயந்திரத்தை நீதிபதியாக உட்கார வைத்தால் வழக்குகள் தவணை தவணையாக இழுபடாது என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் தகப்பனார் காலத்து எல்லை வழக்கு இன்னும் நடக்கிறது என்றும் சொன்னீர்கள். அந்த இடத்தில்தான் நீங்கள் கதிரையில் கொஞ்சம் நெளிந்தீர்கள். என் எதிர்வாதம் உங்களைத் தைக்கிறது என்று நினைத்து நான் இன்னும் உற்சாகமானேன். "மனசாட்சி இல்லாத ஒன்னு எப்டிங்க தீர்ப்புச் சொல்றது?" என்று குரலை உயர்த்தினேன். நீங்கள் ஒரு காலை மற்றக் காலின்மேல் போட்டீர்கள், பிறகு மாற்றிப் போட்டீர்கள். வாதத்தில் இடம் மாறுகிறீர்கள் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

பிறகு அமெரிக்கா வரி போட்ட விடயம். அதை யார் தொடங்கியது என்று ரோஷானி ஐக்கிய நாடுகள் சபை சார்பில் விசாரித்தாள். நான்தான். நமது இறப்பருக்கும் ஆடைக்கும் அவர்கள் வரி போடுவதை நான் ஏதோ பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவர் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். "என் வாழக்குல அமெரிக்காவுக்குப் போறதில்லீங்க" என்று ஒரே வரியில் நீங்கள் முடித்தீர்கள். அதை நான் நாட்டுப்பற்று இல்லாத பேச்சு என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே நீங்கள் தொடையில் படாரென்று ஒரு அடி அடித்தீர்கள். கோபம் என்று விளங்கியது, ஆனால் வாய் நிற்கவேண்டுமே. வளைகுடாவில் கப்பல் போகும் நீரிணையை மூடினால் எண்ணெய் விலை என்னவாகும், நமது தேயிலையை யார் வாங்குவார்கள் என்று நான் மேசையிலிருந்த சீனிப் போத்தலையும் பிஸ்கட் தட்டையும் நகர்த்திக் காட்டத் தொடங்கினேன். நீங்கள் சீனிப் போத்தலைப் பார்க்கவில்லை. வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே சுவரிலிருந்த திருஇருதயப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முகம் இருண்டுபோயிருந்தது. இதையெல்லாம் நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே பேசினேன்.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "பெரிய நாடும் சரி, இந்தக் கைபேசிக் கம்பெனியும் சரி, நம்மகிட்ட இருந்து எடுக்கிறது, எடுக்கும்போது நமக்குத் தெரியாதுங்க, பொறவுதான் தெரியும், அதுவும் உங்கள மாதிரி ஆளுங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிவிட்டேன். உங்களை மாதிரி ஆட்கள் என்றது மகா தவறு. அந்தச் சொல் வாயைவிட்டுப் போனதும் நீங்கள் துள்ளி எழுந்தீர்கள். "சரி, நாங்க கிளம்புறோம்" என்றீர்கள். குசினியில் தெரேசம்மா அப்போதுதான் வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோழிக் குழம்பும் பலாப்பிஞ்சில் வைத்த பொலொஸ் கறியும் நெத்தலிப் பொரியலும் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. "சாப்பிட்டுட்டு..." என்று அவள் தொடங்கினாள், நீங்கள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டீர்கள். சம்பந்தியம்மா எங்களைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். தம்பி சுதாகரன் மட்டும் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெண் பார்க்க வருபவர்கள் சம்மதமென்றால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள், விருப்பமில்லையென்றால் தேத்தண்ணியோடு எழுந்துவிடுவார்கள். நமது சனங்களுக்கு இதைவிடத் தெளிவாக ஒரு பதில் இல்லை. நீங்கள் தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. சமைத்ததெல்லாம் அன்று மாலையே அயல் வீடுகளுக்குப் போனது. வாங்கியவர்கள் எல்லோரும் கோழி நல்ல ருசி என்று சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார்கள். ரோஷானி ஒன்றும் கேட்கவில்லை. கட்டியிருந்த புடவையை மாற்றிவிட்டு வந்து, பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு சரி போட்டுக்கொண்டிருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. என் மகளின் கல்யாணத்தை நான் கொண்டுபோய் நீரிணையில் நிறுத்திவிட்டேன்.

நீங்கள் கொண்டுவந்த வாழைக்குலை வேறு ஒரு பிரச்சினை. அதைக் குசினி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சம்பந்தம் உண்டென்றால் அது எங்கள் குலை, இல்லையென்றால் திருப்பி அனுப்பவேண்டிய குலை. இரண்டும் தெரியாமல் ஒரு பழத்தைக்கூடப் பிய்க்கக்கூடாது என்று தெரேசம்மா தீர்மானித்திருக்கிறாள். பழம் அரசியல் தீர்வுக்குக் காத்திருப்பதில்லை. மேல் சீப்பு கறுக்கத் தொடங்கிவிட்டது, வீடு முழுக்க வாசம், காலையில் எழுந்து அதன் கீழே நின்று சீனியில்லாத் தேத்தண்ணி குடிப்பது என்ன வேதனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நிலாமிடம் நடந்ததைச் சொன்னேன். தினமும் மாலையில் நான் உலக அரசியல் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிறவன் அவன்தான். "தபாலய்யா, இங்க நீங்க பேசுறத நாங்க கேக்குறதுக்குக் காரணம், நாங்க உங்களுக்குப் பொண்ணு மாப்பிள தர வேண்டியதில்ல" என்றான். பிறகு, "போய் மன்னிப்புக் கேட்டு எழுதுங்க, விளக்கம் எழுதாதீங்க" என்றும் சொன்னான். விளக்கம் கொஞ்சம் எழுதிவிட்டேன். இனி மன்னிப்புக்கு வருகிறேன்.

சம்பந்தி, நான் யோசித்துப் பார்த்தேன். மாட்டு வழக்கில் நீங்கள் சொன்னதுதான் சரி. உலகத்தில் எந்தச் சட்டமும் கைக்கு எட்டுகிறவனைத்தான் பிடித்திருக்கிறது, அதை நான் பத்திரிகையில் வாசித்தேன், நீங்கள் எம்பிலிப்பிட்டியவில் இருந்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆகவே மாட்டுக்காரனே குற்றவாளி, இதற்குமேல் மேன்முறையீடு இல்லை. இயந்திர நீதிபதியையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு தரப்புக்கும் சரி சரி என்று சொல்லி ஒரே நாளில் அனுப்பிவிட்டாலும், தகப்பன் தொடுத்த வழக்குக்கு மகன் அலைவதைவிட அது நல்லதுதான். வரி விடயத்தில் நான் உங்களை நாட்டுப்பற்று இல்லாதவர் என்றது பெரும்பாவம். எந்த வல்லரசும் கைவைக்க முடியாத ஒரு பொருளை விளைவித்து, உள்ளூர்ச் சனத்துக்கே விற்கிற உங்களைவிட யாருக்கு நாட்டுப்பற்று இருக்கிறது? நீரிணையை உங்கள் விருப்பம்போல் திறக்கவோ மூடவோ செய்யுங்கள். கல்யாணம் கூடி வந்தால், கோயிலிலும் சரி பந்தியிலும் சரி, காலநிலை தவிர வேறெதைப் பற்றியும் நான் வாய் திறக்கமாட்டேன். காலநிலையும் இப்போது சர்வதேசப் பிரச்சினை என்கிறார்கள், தேவையென்றால் அதையும் விடுகிறேன்.

மற்றபடி எனக்கு இந்த வாழ்க்கையில் ஒரு குறையுமில்லை. மழை பெய்கிறது, பலா காய்க்கிறது, பத்திரிகை பிந்தியாவது வருகிறது, தெரேசம்மா தடை விதித்தாலும் காலையில் என் கண்ணாடியைத் துடைத்துத்தான் வைக்கிறாள். இந்தப் பிள்ளை ஒரு நல்ல வீட்டில் போய்ச் சிரித்துக்கொண்டு இருக்கவேண்டும், அதுதான் எனக்கு மிச்சமாக இருக்கிற ஆசை. விறாந்தையில் அவள் வாயைப் பொத்திச் சிரித்ததை நான் பார்த்தபடியால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். தகப்பனின் வாய்க்காக மகளைத் தண்டித்துவிடாதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கத்தையும், தம்பி சுதாகரனுக்கு எங்கள் ஆசியையும் சொல்லவும். மாதா உங்கள் குடும்பத்தையும், உங்கள் தோட்டத்தையும், மாடு வராமல் அதன் வேலியையும் காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
தலைகுனிந்து, வாய்மூடி,
பாக்கியநாதன்
உப தபாலதிபர் (ஓய்வு)

பி.கு.: முத்திரை ஒட்டி, உறையை மூடப்போகும் நேரத்தில் சம்பந்தியம்மா தொலைபேசியில் வந்தார். தெரேசம்மா பேசிவிட்டு, "என்னாங்க, இங்க வாங்க" என்று என்னை நேரடியாகக் கூப்பிட்டாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், சொல்ல முடியவில்லை. பிறகு சொன்னாள்.

அட்டை. குறுக்கு வழியில் ஏறி வரும்போது உங்கள் வேட்டிக்குள் ஏறிய அட்டை. எம்பிலிப்பிட்டியப் பக்கம் அட்டை இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே அது தினமும் காலில் ஏறும், பிடுங்கிப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வோம். நீங்கள் ஈரமாக ஏதோ ஊர்வதை உணர்ந்து, பிறகு வெள்ளை வேட்டியில் இரத்தத்தைக் கண்டு, ஏதோ கொடிய வியாதி வெளிப்பட்டுவிட்டது என்று பயந்து, பொம்பிளைகள் இருக்கிற வீட்டில் சொல்லவும் வெட்கப்பட்டு எழுந்து ஓடியிருக்கிறீர்கள். வேனுக்குள் ஏறியபிறகு டிரைவர் பார்த்துவிட்டு, "கூடெல்லெக் மாத்தயா, பயவென்ன எப்பா" என்று, அட்டைதான் ஐயா, பயப்படவேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்து, சவர்க்காரம் தடவி எடுத்து வெளியே போட்டாராம். பெண் பார்க்கப் போன வீட்டில் அட்டைக்குப் பயந்து ஓடியவன் என்று பெயர் வந்துவிடும் என்று நீங்கள் வீட்டாரின் வாயைக் கட்டி வைத்திருந்தீர்களாம். கை நனைக்காமல் வந்ததற்கு நாங்கள்தான் கோபமாக இருக்கிறோம் என்று நினைத்து அங்கே நீங்களும் சரியாகச் சாப்பிடவில்லையாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று சம்பந்தியம்மா கேட்டார். வாருங்கள். பொலொஸ் பிஞ்சு மரத்திலேயே பார்த்து வைத்திருக்கிறேன்.

சம்பந்தியம்மா இன்னொன்றும் சொன்னார். அட்டை தொடையில் ஊரத் தொடங்கியபிறகு அன்று நான் பேசியதில் ஒரு சொல்கூட உங்கள் காதில் ஏறவில்லையாம். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முத்திரை ஒட்டியாகிவிட்டபடியால் கடிதத்தை அனுப்பத்தான் போகிறேன், ஆனால் மேலே நான் விட்டுக்கொடுத்தவை எல்லாவற்றையும் இத்தால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாட்டுக்காரன் குற்றவாளி அல்ல. இயந்திரம் நீதிபதி ஆகாது. வரியைப் பற்றி நீங்கள் சொன்னது தப்பு, ஏன் தப்பு என்பதை இலை எடுத்தபிறகு ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ரோஷானி பக்கத்தில் நின்று இதையெல்லாம் வாசித்தாள். "மாமாவ வேட்டி கட்டாம, நீளக் களுசான் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்கப்பா" என்றாள். இதுவரை அவள் உங்களை 'அந்த அங்கிள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.